கொழுக்கட்டைக்கு ஒரு பிரெஞ்சு உறவு

பிரான்சு தேசத்திலே பர்கண்டி என்று ஒரு பிரதேசம். திராட்சை மதுவுக்குப் பேர்போன இடம். மதுவோடு கொறிப்பதற்கென்று அங்கே ‘கூஜேர்’ என்னும் பலகாரம் செய்கிறார்கள். எலுமிச்சம்பழ அளவில், பொன்னிறமாக உப்பியிருக்கும். உள்ளே வெறும் காற்று. வாயில் போட்டால் சீஸ் மணக்கும்.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். தெப்பக்காட்டில், என் தமக்கை வீட்டில் அது உருவானதை நேரில் பார்த்தவன் நான்.

தெப்பக்காடு முதுமலைக் காட்டுக்குள், மாயாற்றங்கரையில் உள்ள யானை முகாம். அத்தானுக்கு அங்கே வனத்துறை உத்தியோகம். அவர்கள் வீட்டில் முட்டை நுழைந்ததே இல்லை. மகனோ, படிக்கப் போன இடத்தில் பர்கண்டிப் பெண்ணொருத்தியை மணந்து அழைத்தும் வந்துவிட்டான். அக்கா அவளுக்குத் தலைவாழை இலை போட்டாள். ஆனால் சமையலறைப் படியைத் தாண்டவிடவில்லை. பேச்செல்லாம் ‘அந்தப் பெண்’ என்றுதான்.

மூன்றாம் நாள் அந்தப் பெண், தன் ஊர்ப் பலகாரம் ஒன்று செய்து தரட்டுமா என்று கேட்டாள். மொழிபெயர்த்த மகன் ‘முட்டை’ என்ற சொல்லை மட்டும் விழுங்கப் பார்த்தான். அக்கா விடவில்லை. கடைசியில், “பின்கட்டில் வேண்டுமானால் பண்ணிக்கட்டும்” என்று உத்தரவாயிற்று.

அண்டைவீட்டு ஓவன் வந்தது. மகன் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஊட்டியிலிருந்து சீஸ் வாங்கி வந்தான். அவள் ஊரில் போடுவது கிருயேர். இங்கே கிடைத்தது செடார்.

கால் லிட்டர் தண்ணீரில் 100 கிராம் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்தாள். 150 கிராம் மைதாவை ஒரேயடியாகக் கொட்டிக் கிளறினாள். நிலைப்படியில் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“தம்பி, இது கொழுக்கட்டைக்குக் கிளறுகிற மாதிரியல்லவா இருக்கு! இன்னும் சுருண்டு வரணும். அந்தக் கரண்டியை இப்படிக் கொடுக்கச் சொல்லு!”

சொல்லும்போதே கரண்டி அவள் கைக்கு வந்துவிட்டது.

அக்கா சொன்னது உண்மைதான். கொதிநீரில் வெந்த மாவு நிறைய ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் அதற்குள் பூரணம் வைத்து ஆவியில் அவிக்கிறோம். அவர்கள் சூடு சற்று ஆறியதும் நாலு முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, 100 கிராம் சீஸைத் துருவிப் போட்டு, 200 டிகிரியில் அரைமணி நேரம் சுடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மாவை உப்பவைக்கிறது. சோடா உப்பு வேண்டியதில்லை. பாதியில் கதவைத் திறந்தால் அமுங்கிவிடும்.

முட்டையைக் கண்டதும் அக்கா கரண்டியைக் கொடுத்துவிட்டு விலகினாள். ஆனால் ஓவன் கண்ணாடியை விட்டு விலகவில்லை. யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் கலந்த மாலைக் கவளம் கொடுத்து முடிந்து வீடு திரும்பிய அத்தான், வாசனை பிடித்து வந்து ஓவன் கதவில் கை வைத்தார்.

“திறக்காதீங்க! மருமகள் பண்ணினது அமுங்கிப் போயிடும்!” என்று கத்தினாள் அக்கா.

‘மருமகள்’ என்ற சொல் அப்போதுதான் முதன்முதலாக அவள் வாயிலிருந்து வந்தது. பிள்ளை திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண்ணுக்கு மொழி புரியவில்லை. ஆனால் அவன் முகம் புரிந்தது.

அக்கா அதை வாயில் வைக்கவில்லை. அவள் பங்கையும் சேர்த்து நான் எட்டு தின்றேன். மறுநாள் காலையில் பார்க்கிறேன், பின்கட்டு அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து, ஒரு பாத்திரமும் கரண்டியும் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

“இதெல்லாம் அவள் சாமான். யாரும் தொடக்கூடாது” என்றாள்.