வேண்டாம் என்று சொல்லாத குற்றம்

என் மகளுக்கு அவள் விரும்பிய படிப்பு கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. கிடைக்காமல் போவதற்கான வேலைகளையும் செய்தேன். கூடவே இருந்து, பணம் கட்டி, பெட்டி தூக்கி, நல்ல அப்பா என்று பெயர் வாங்கிக்கொண்டே செய்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எனக்கு மென்பொருள் வேலை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பாட்டு கற்றாள். பள்ளியில் வருடாவருடம் போடும் இசை நாடகத்தில் நடித்தாள். பதினோராம் வகுப்பில் ஒருநாள், கல்லூரியில் இதையே படிக்கப் போகிறேன் என்றாள். நான் "சரிம்மா" என்றேன். அதுதான் முதல் பொய்.

அமெரிக்காவில் இசை நாடகத்துக்கென்றே நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு உண்டு. பி.எஃப்.ஏ. என்பார்கள். மதிப்பெண் மட்டும் போதாது. இலையுதிர் காலத்தில் வீடியோ அனுப்ப வேண்டும். இரண்டு பாடல்கள். பெரும்பாலும் ஒன்று 1943-ல் வந்த 'ஓக்லஹோமா' போன்ற பழைய நாடகங்களின் காலத்தது, இன்னொன்று இந்தக் காலத்தது. கூடவே ஒரு தனி வசனம், ஒரு நடனம். இதற்கு ப்ரீ-ஸ்கிரீன் என்று பெயர். அதில் தேறியவர்களை நேரில் அழைப்பார்கள். குளிர்காலத்தில் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் பல கல்லூரிகள் ஒரே இடத்தில் கூடி ஆடிஷன் நடத்தும். அதை யூனிஃபைட்ஸ் என்பார்கள். பாடலில் 16 பார், மிஞ்சினால் 32 பார் பாடலாம். அதிகம் போனால் ஒன்றரை நிமிடம். அதற்குள் அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். பேர்பெற்ற கல்லூரிக்கு ஆயிரத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வரும். எடுத்துக்கொள்வது 10 முதல் 25 பேர்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் நிறைய இடங்களுக்குப் போடுவார்கள். 15, 20 கல்லூரிகள்கூடப் போடுவதுண்டு. மிகக் கடினமானவை சில, நடுத்தரமானவை பல, ஆடிஷனே கேட்காத நாடகத்துறைகள் ஒன்றிரண்டு. இதையெல்லாம் நான் நன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை என் மகளுக்கு எதிராகப் பயன்படுத்தினேன்.

அவளும் அவளுடைய பாட்டு ஆசிரியையும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். பார்த்துப் பார்த்துப் போட்ட பட்டியல். விண்ணப்பம், கட்டணம், பயணம் எல்லாம் என் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்டோபரில் ஓர் இரவு, சாப்பாட்டு மேஜையில் எக்செல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். "தரமான இடம் மட்டும் வெச்சுக்கலாம்மா. எண்ணிக்கைக்காகப் போட்டு என்ன பிரயோஜனம்?" என்றேன். வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருந்த மான்ட்கிளேர் ஸ்டேட்டை நீக்கினேன். ரைடரை நீக்கினேன். அவள் இடம்பிடிக்க நியாயமான வாய்ப்பிருந்த வரிசைகளை ஒவ்வொன்றாக அழித்தேன். மிச்சிகன், கார்னகி மெலன், சின்சினாட்டி போன்றவற்றை மட்டும் விட்டுவைத்தேன். வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரிந்துதான் விட்டுவைத்தேன்.

அவள் தயங்கினாள். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2004-ல் பிராட்வேக்கு வந்தது. அதில் கதாநாயகனாக நடித்த மனு நாராயண் கார்னகி மெலனில் படித்தவர். இதை அவள்தான் எனக்கு முன்பு ஆசையோடு சொல்லியிருந்தாள். அதையே எடுத்து அவளிடம் திருப்பிச் சொன்னேன். "அவர் படிச்ச மாதிரி இடத்துலதான் நீயும் படிக்கணும். அதுக்குக் கீழ எதுக்கு?" அவள் முகம் மலர்ந்தது. அப்பா தன்னை அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவளை ஏமாற்றினேன்.

ஏன் செய்தேன்? இரண்டு காரணங்கள். ஒன்று பயம். என் தாத்தா மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி என்று சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களுக்கு விடிய விடிய வாசிப்பார். கோயில் திருவிழா நடக்கும் மாதங்களில் மேடை இருக்கும். மழைக்காலத்தில் இருக்காது. ஐப்பசி பிறந்தால் ஆர்மோனியம் அடகுக் கடைக்குப் போய்விடும். என் அப்பா அந்தப் பசியில் வளர்ந்தவர். படிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர். அவர் எனக்குக் கொடுத்த பயம் அது. இரண்டாவது காரணம் கௌரவம். நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சயின்ஸ், மருத்துவம் என்று போகிறார்கள். "உங்க பொண்ணு என்ன படிக்கிறா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? இந்த இரண்டாவது காரணத்தைச் சொல்லத்தான் அதிகம் கூசுகிறது. பயத்தையாவது புரிந்துகொள்வார்கள்.

"நம்ம வீட்ல யாராவது பாடுவாங்களாப்பா?" என்று சின்ன வயதில் அவள் கேட்டிருக்கிறாள். "இல்லை" என்றேன். தாத்தாவையே அவளிடமிருந்து மறைத்தேன்.

ப்ரீ-ஸ்கிரீன் முடிவுகள் வந்தன. சில இடங்களில் அவள் தேறிவிட்டாள். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் நடுங்கினேன்.

பிப்ரவரியில் சிகாகோ போனோம். பால்மர் ஹவுஸ் என்ற பழைய பெரிய விடுதி. தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள். படிக்கட்டுகளில் நின்று உதடுகளை அதிரவிட்டுக் குரலைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் இசைத்தாள்கள் கோத்த ஒரு ஃபைல். உள்ளே இருக்கும் பியானோக்காரர் இவர்களைப் பார்த்தே இருக்க மாட்டார். அவரிடம் வேகத்தைச் சொல்லிவிட்டு உடனே பாட வேண்டும். பெற்றோர்கள் தரையில் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன்.

அங்கே வாக்-இன் என்று ஒரு வழக்கம் உண்டு. முன்பே விண்ணப்பிக்காத கல்லூரியிலும் நேரம் காலியாக இருந்தால் ஆடிஷன் கொடுக்கலாம். காலையிலேயே என் மகள் ஒரு கல்லூரியின் மேஜைக்குப் போய்த் தன் பெயரை எழுதிவிட்டு வந்தாள். நான் அழித்த வரிசைகளில் ஒன்று அது. அவள் அதை மறக்கவில்லை.

மதியம் அவள் வேறொரு கல்லூரியின் நடனத் தேர்வில் இருந்தாள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு மாணவர் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் அவளுடைய அப்பா என்றேன். நாலரை மணிக்கு ஓர் இடம் காலியாகியிருக்கிறது, ப்ரீ-ஸ்கிரீன் வேண்டாம், அவள் வந்து பாடலாம் என்றார். அவர் முகத்தில் ஒரு நல்ல செய்தியைக் கொண்டுவந்த சந்தோஷம் இருந்தது.

நாங்கள் கிளம்ப வேண்டும், வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன்.

நாங்கள் கிளம்ப வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் விமானம் இரவில்தான். அவர் போனதும் செல்பேசியை எடுத்தேன். கூடுதல் பணம் கட்டி விமானத்தை மாலைக்கு மாற்றினேன். கை நடுங்கவில்லை. அலுவலகத்தில் ஒரு வேலையை முடிப்பதுபோல முடித்தேன்.

அவள் வியர்வையோடு வெளியே வந்தாள்.

"அப்பா, அந்த காலேஜ்ல இருந்து யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலம்மா."

"பரவால்ல, நானே போய் இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்."

"பனி வருதாம். ஃப்ளைட்டை முன்னாடி மாத்திட்டாங்க. இப்பவே கிளம்பணும்."

அவள் ஒரு கணம் அந்த மேஜை இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு காலணிகளைக் கழற்றிப் பையில் வைத்தாள். டாக்ஸியில், "லீவு போட்டுட்டு வந்ததுக்கு தேங்க்ஸ்ப்பா" என்றாள். "இதுல என்னம்மா இருக்கு" என்றேன்.

அந்தக் கல்லூரி அவளை எடுத்திருக்குமா? யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

மார்ச் முடிவதற்குள் எல்லாப் பதில்களும் வந்துவிட்டன. எங்கும் இடம் இல்லை. அந்தக் கல்லூரிகள் மேல் ஒரு குறையும் கிடையாது. அவ்வளவு கூட்டத்தில் நல்ல குரல்கள் பல வெளியே நிற்கத்தான் செய்யும். அதற்காகத்தான் பட்டியல் நீளமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். மே 1-க்குள் ஓர் இடத்தை உறுதிசெய்ய வேண்டும். நான் முன்யோசனையாகப் போட்டு வைத்திருந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் தயாராக இருந்தது. அவள் அங்கே சேர்ந்தாள். நான் ஜெயித்தேன்.

அந்த வெற்றியின் விலையை நான் கொடுக்கவில்லை. மற்றவர்கள் கொடுத்தார்கள்.

மகள் பாடுவதை நிறுத்தினாள். குளிக்கும்போது பாடுவதைக்கூட நிறுத்தினாள். "எனக்குக் குரல் இல்லப்பா. அது அவங்களுக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடுச்சு, எனக்குத்தான் இவ்வளவு வருஷம் தெரியல" என்றாள். நான் அவள் தலையைத் தடவினேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருடக்கணக்கில் நடன வகுப்புக்குக் கார் ஓட்டிய என் மனைவி, தான் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்த பாடல்தான் தவறோ என்று இரவுகளில் புலம்பினாள். அவளுக்கும் நான் சமாதானம் சொன்னேன். பாட்டு ஆசிரியை வீடு தேடி வந்தார். வயதானவர். தான் சரியாகத் தயார் செய்யவில்லை என்று என்னிடம் வருத்தம் தெரிவித்தார். கண்கலங்கினார். "பரவாயில்லை" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஒரு தவறும் செய்யாத ஆசிரியையின் மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன். செய்தவற்றில் எது மோசம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது உண்மையைச் சொன்னேன். மனம் திருந்திச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படியில்லை. விடுமுறைக்கு வந்தவள் தன் இசைத்தாள் ஃபைலை மறுசுழற்சிக் குப்பையில் போட்டாள். அதைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. அந்த மாலையே பட்டியல், சிகாகோ, தாத்தா எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "எந்த காலேஜ்ப்பா அது?" என்று மட்டும் கேட்டாள். அழித்த வரிசைகள் பல. அந்த மாணவர் எந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னார் என்பது என் நினைவில் இல்லை. அவள் வாழ்க்கையின் ஒரு கதவை மூடியிருந்தேன், அதன் பெயரைக்கூட ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அவளே யோசித்துப் பெயரைச் சொன்னாள். பிறகு, "அம்மாகிட்டயும் டீச்சர்கிட்டயும் நீங்களே சொல்லணும்" என்றாள். சொன்னேன். ஆசிரியை நெடுநேரம் பேசவில்லை. மகளைத் தன்னோடு பேசச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

இதைத் திருப்பிச் சரிசெய்ய வழி இல்லையா என்று கேட்பீர்கள். பல கல்லூரிகளில் வேறு படிப்பிலிருந்து வருபவர்களும் மறுபடி ஆடிஷன் கொடுத்து, முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டும். போன வருடங்கள் கணக்கில் வராது. போவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. அந்தப் பேச்சில் எனக்கு இடமில்லை. என்னிடம் தேவையானதை மட்டும் பேசுகிறாள். மன்னிப்பாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பாரத்தையும் அவள்தான் சுமக்க வேண்டும்.

வருகிற குளிர்காலத்திலும் அந்தத் தாழ்வாரங்களில் பெற்றோர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் யாருக்காவது என்னைப் போல மனதில் வேண்டாம் என்றிருந்தால், வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பணம் இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள். பயமாக இருக்கிறது என்றால் அதைச் சொல்லுங்கள். நான் எதிரே நின்று மறுத்திருந்தால் என் மகள் என்னோடு சண்டை போட்டிருப்பாள். நான் ஒளிந்துகொண்டதால் தன் குரலோடு சண்டை போட்டாள்.

ஏன் நேராக மறுக்கவில்லை என்று அவளும் ஒருநாள் கேட்டாள். அவள் மனம் புண்படக் கூடாது என்று நினைத்தேன் என்றேன். அதுவும் பொய். நான் வாதாடியிருந்தால் அவள் பதில் சொல்லி ஜெயித்திருப்பாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.