செவலைக்குத் தண்ணீர் பிடிக்கும்

போன மாதம் ஒரு கல்லூரி விடுதியில் 'பரியேறும் பெருமாள்' திரையிட்டோம். 2018இல் வந்த படம். இப்போது முதலாண்டு படிக்கிற பிள்ளைகள் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பார்கள். படத்தின் தொடக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். வேட்டைக்குப் போன பையன்கள் வெயிலில் இளைத்துப்போன நாய்களைக் குட்டையில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். ஆதிக்க சாதியினர் வருவதைப் பார்த்ததும் நாய்களை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வந்தவர்கள் அந்தத் தண்ணீரில் சிறுநீர் கழிப்பார்கள்.

படம் முடிந்து கலந்துரையாடல். வழக்கம்போல மகத் குளம் வந்தது, வேங்கைவயல் வந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு தங்கை எழுந்து கேட்டாள்: "தோழர், நெசமாவே நாய்க்குத் தண்ணி பிடிக்குமா? எங்க வீட்டு நாய் பக்கெட்டக் கண்டாலே கட்டிலுக்கடியில போயிருதே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சில நாய்க்குப் பிடிக்கும், சில நாய்க்குப் பிடிக்காது" என்று ஏதோ சொல்லி, அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

ஊர் திரும்பும் பேருந்தில் தூக்கம் வரவில்லை. அவள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. எனக்கு அதற்குப் பதில் தெரியும். நாற்பது வருடமாகத் தெரியும். சொல்லத்தான் வரவில்லை.

நான் பிறந்தது விருதுநகர் பக்கம் கரிசல் காட்டில். எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. செவலை. நிறம்தான் பெயர். எந்த இனமும் இல்லை. அம்மா வழியில் எங்கோ ஒரு சிப்பிப்பாறை கலந்திருக்கலாம் என்று தாத்தா சொல்வார். கால் நீளம், வயிறு ஒட்டியிருக்கும். முயல் விரட்டப் போனால் காடு முழுக்க ஓடும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதனால் ஓடி முடித்ததும் செவலை நேராகக் கண்மாய்க்குப் போகும். முதலில் வயிறு நனைய உட்காரும், பிறகு நீந்தும். மூக்கு மட்டும் வெளியே தெரியும். பின்னால் வால் துடுப்பு மாதிரி வரும். நாங்கள் கரையில் உட்கார்ந்து பார்ப்போம். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. குட்டியாக இருந்தபோது தாத்தா வலை போடப் போவார், அதுவும் கூடவே போகும். அவ்வளவுதான்.

அதே ஊரில் இன்னொரு நாயும் இருந்தது. முதலாளி வீட்டு ராஜபாளையம். வெள்ளை வெளேரென்று இருக்கும், மூக்கு ரோஸ் நிறம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அதைப் பம்புசெட் தொட்டியில் குளிப்பாட்டுவது என் அய்யாவின் வேலை. அந்த நாய்க்குத் தண்ணீரே ஆகாது. நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். தூக்கித் தொட்டிக்குள் விட்டால் அய்யாவின் கையைப் பிறாண்டிக்கொண்டு மேலே ஏறும். முதலாளி வரப்பில் நின்று, "பாத்துடா, காதுல தண்ணி போயிறப் போவுது" என்பார். அய்யா அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அய்யா தொட்டிக்குள் இறங்கக் கூடாது. வெளியே நின்றுதான் குளிப்பாட்ட வேண்டும். முடிந்ததும், தொட்டியிலிருந்து வழிந்து வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரில் அவர் குளித்துக்கொள்ளலாம்.

இப்போது யோசித்தால், அந்த ராஜபாளையத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கும் காரணம் இருந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வறண்ட நிலத்தில் ஓடி வேட்டையாடுகிற நாய்கள். முடி குட்டை, உடம்பில் கொழுப்பு குறைவு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சில்லென்று பட்டால் நடுங்கிப்போகும். லாப்ரடார் அப்படி இல்லை. அது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வளர்ந்த நாய்களின் வழி வந்தது. வலை இழுக்க உதவிய நாய்கள் அவை. அதற்கு இரண்டடுக்கு முடி, விரல்களுக்கு நடுவே சவ்வு. பக், புல்டாக் போன்றவற்றுக்கோ தலை கனம், மூக்குச் சப்பை, கால் குட்டை. ஆழத்தில் விட்டால் மூழ்கிவிடும். தண்ணீரில் விட்டால் எந்த நாயும் காலடிக்கும் என்பது உண்மை. காலடிப்பதும் மிதப்பதும் ஒன்றில்லை.

அந்தத் தங்கைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிப்பது வேறு, நீந்துவது வேறு. சங்கிலியில் கட்டி, சோப்புப் போட்டு, தலையில் மொண்டு ஊற்றினால் யாருக்குத்தான் பிடிக்கும்? மழையில் ஆட்டம் போடுகிற நாயே குளியலறைக் கதவைக் கண்டால் ஓடும். இனத்தைவிடப் பெரிய விஷயம் குட்டிப் பருவம். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை நாய்க்குட்டி எதைப் பயமில்லாமல் பழகுகிறதோ, அது பெரும்பாலும் ஆயுளுக்கும் பழகிவிடும். அந்தச் சமயத்தில் தண்ணீரில் தூக்கி எறிந்தால் அந்தப் பயமும் அப்படியே தங்கிவிடும். வளர்ந்த பிறகு வரும் பயமும் உண்டு. அதற்கு ஒரு நாள் போதும்.

1986, மே மாதம். பள்ளி விடுமுறை. கண்மாய் வற்றிவிட்டது. ஊருணியில் மட்டும் தண்ணீர் கிடந்தது. எங்கள் தெருப் பெண்கள் ஊருணிக் கரையில் குடத்தோடு நிற்பார்கள். ஊர்த் தெருப் பெண்கள் யாராவது மனசு வைத்து மொண்டு ஊற்றினால் உண்டு. தீண்டாமைக் குற்றங்களுக்கான சட்டம் 1955லேயே வந்துவிட்டது. எங்கள் ஊருணிக்கரைக்கு அது வந்திருக்கவில்லை.

செவலை அன்று முயல் விரட்டிவிட்டு வந்தது. கண்மாயில் தண்ணீர் இல்லை. நேராக ஊருணிக்குப் போய் இறங்கிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது நடுவில் நீந்திக்கொண்டிருந்தது. படித்துறையிலிருந்து முதல் கல் விழுந்தது. அது மேற்குக் கரைக்குத் திரும்பியது. அங்கும் இரண்டு பேர். வடக்கே போனது, அங்கும் கல். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு பகல் மாதிரி இருந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் அது என் பக்கம் வரும், வந்தால் யார் வீட்டு நாய் என்று தெரிந்துவிடும். கூப்பிடவில்லை. ஏற்கெனவே அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஊர்த் தெரு நாய்கள் தினமும் அந்த ஊருணியில்தான் குடித்தன.

சாயங்காலம் தாத்தாவைக் கூப்பிட்டு விட்டார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "வாயில்லா சீவன் முதலாளி, அதுக்கு என்ன தெரியும்?" என்றார். "அதுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்ல?" என்றார்கள். ஐம்பத்தோரு ரூபாய் தெண்டம். தீட்டுக் கழிக்கவாம்.

செவலை பிழைத்துக்கொண்டது. இடுப்பில் அடி, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அது தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. அப்பத்தா குடத்தை இறக்கி வைக்கும்போது தண்ணீர் தளும்பினால் திண்ணைக்குக் கீழே ஓடும். சட்டியில் வைத்த தண்ணீரை ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு எழுந்து வந்து குடிக்கும். நக்கும் சத்தம் கேட்கும். பத்து நாள் இருக்கும். வாய்க்காலைத் தாண்ட மாட்டாமல் அது பின்வாங்கி நின்று குரைத்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். "தண்ணியக் கண்டு மெரளுது. வெறி பிடிச்சிருச்சு."

மறுநாள் காலையில் ஐந்தாறு பேர் கம்போடு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் தெருவுக்குள் அவர்கள் வருவதே அபூர்வம். தாத்தா, "வெறியெல்லாம் இல்ல சாமி, பாருங்க, தண்ணி குடிக்கும்" என்று சட்டியை எடுத்துவந்து செவலையின் முன்னால் வைத்தார். உட்கார்ந்து தடவிக்கொடுத்தார். சுற்றிலும் கம்போடு ஆட்கள். செவலை சட்டியைப் பார்த்தது, அவர்களைப் பார்த்தது, குடிக்கவில்லை. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

கல்லூரி சேர்ந்த பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். வெறிநோய் வந்த மனிதர்களுக்குத்தான் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகிப் பயம் வரும் என்றார். 'நீர்வெறுப்பு' என்ற பெயர் அதனால் வந்தது. நாய்க்கு அப்படி இல்லை. நோய் முற்றும்போது தொண்டைத் தசை செயலிழந்து விழுங்க முடியாமல் போகலாம், எச்சில் வடியலாம். தண்ணீரைக் கண்டு மிரளுவது அதன் அடையாளம் இல்லை. தண்ணீருக்குப் பயப்படாத நாய்க்கு வெறி இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள். தவணை தவறாமல் போடுங்கள். காலனியில் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இப்போது மகத்துக்கு வருகிறேன். 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923லேயே தீர்மானம் போட்டிருந்தது. மகத் நகராட்சியும் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனாலும் அதுவரை யாராலும் இறங்க முடியவில்லை. இறங்கிய பிறகு அடித்தார்கள். பிறகு 108 பானை பஞ்சகவ்யத்தை ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு பத்து வருடம் நடந்து, 1937இல்தான் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம், "நாயும் மாடும் குடிக்கலாம், நாம் குடிக்கக் கூடாது" என்று சேர்த்துச் சொல்வோம். மகத்தில் நிலைமை அதுதான். நானும் பதினைந்து வருடம் துண்டறிக்கைகளில் "நாயைவிடக் கேவலமாக" என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது எழுதுவதில்லை. எந்த நாய் குடிக்கலாம் என்ற கேள்வி என்னை விடவில்லை. செவலை தெருவில் தனியாகத் திரிந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். அதற்கு ஒரு வீடு இருந்தது, அந்த வீடு எந்தத் தெருவில் இருந்தது என்பதுதான் அன்று கல்லாக விழுந்தது. நாயைக் கீழே வைத்து நம்மை அளக்கும் வாக்கியம் அளவுகோலை அவர்களிடமிருந்தே கடன் வாங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். கோபத்தில் வருகிற வார்த்தையைத் தராசில் போடாதீர்கள் தோழர் என்று ஒரு தம்பி என்னிடம் சண்டை போட்டிருக்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் வயது ஊர்த் தெருப் பையன்கள் எல்லோரும் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் பழகினார்கள். எங்களுக்குக் கிணறு இல்லை, கண்மாய் இருந்தது. அந்த மே மாதத்துக்குப் பிறகு நான் கண்மாயிலும் இறங்கவில்லை. கூட்டங்களில் நீருரிமை பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

மகள் நீச்சல் கற்றுக்கொண்டாள். போன வருடம் மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு தெருநாய்க்குட்டியைத் தூக்கிவந்து இட்லி என்று பெயர் வைத்தாள். வெள்ளையும் இல்லை, வட்டமும் இல்லை. ஏன் இட்லி என்று கேட்கக் கூடாதாம். அதற்கும் தண்ணீர் என்றால் பயம். என்ன நடந்ததோ தெரியாது. தெருவில் வெந்நீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக ஊருக்கு வெளியே உள்ள கண்மாய்க்கு அதைக் கூட்டிப் போகிறோம். இழுப்பதில்லை, தூக்கிப் போடுவதில்லை. சரிவு குறைவான பக்கம் பார்த்து நாங்கள் முதலில் இறங்கி நிற்போம், அதற்குத் தோன்றினால் வரும். முதல் வாரம் கரையில் படுத்துக்கொண்டது. இரண்டாவது வாரம் முன்னங்காலை வைத்துவிட்டு எடுத்தது. மூன்றாவது வாரம் நான் போட்ட பொறையை எடுக்க இரண்டடி வந்தது. வீட்டுக்கு வந்ததும் காதைத் துணியால் துடைத்துவிடுகிறேன். ஈரம் தங்கினால் காதில் சீழ் வைத்துவிடும். முதலாளி சொன்னது சரிதான்.

போன வாரம் மகள் நடுவில் நீந்திக்கொண்டிருந்தாள். இட்லி வயிறு நனையும் வரை வந்திருந்தது. நான் முழங்கால் வரை. கரையில் பேச்சுச் சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். மாடு பத்திக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

"நாய் நல்லா நீந்துமா தம்பி?" என்று கேட்டார்.

"இனிமேத்தான் தெரியும்ணே" என்றேன்.