கன்பராவில் மூன்று நிமிடம்

எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கடிதம் எழுதும் பயிற்சி ஒன்றைக் கொடுத்தோம். 'உமது தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருக்கு, ஊரின் குறையொன்றை எடுத்துரைத்து ஒரு கடிதம் வரைக' என்பதே தலைப்பு. யாழ்ப்பாணத்திலே கற்பித்த காலத்திலிருந்து எம்மிடமுள்ள பழைய தலைப்பு அது. பெரும்பாலானோர் ரோவிலுக்குப் புகையிரதம் வேண்டும் என்றே எழுதியிருந்தனர். 'எனது அப்பம்மா இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போகிறார், அவருக்கு முழங்கால் நோ' என்று ஒரு சிறுவன் எழுதியிருந்தான். வல்லினம் மிகவேண்டிய இடமெல்லாம் விட்டுவிட்டான். ஆயினும் அக்கடிதத்துக்கே அதிக புள்ளி இட்டோம்.

ஒரு மாணவி மட்டும் வெறுந்தாளைத் தந்தாள். வகுப்பு முடிந்தபின் தனியே வந்து, "சேர், விசா இல்லாத ஆக்களும் எம்.பி.க்குக் கடிதம் எழுதலாமோ?" என்று கேட்டாள்.

எமக்கு உடனே விடை வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1977ஆம் ஆண்டுத் தேர்தலிலே தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்று, அமிர்தலிங்கம் அவர்கள் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 ஓகஸ்ட் மாதம் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. அது விதித்த சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த எமது உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர். அப்போது எமக்கு நான்கு வயது. 1989 தேர்தல் வரையிலும் எங்கள் ஊர்க் குளக்கட்டு உடைந்ததென்றோ, ஆசுபத்திரியில் மருந்தில்லை என்றோ கொழும்பிலே எழுந்து பேச, நாம் தெரிந்தனுப்பிய ஒருவர் இருக்கவில்லை. பின்னர் வந்த காலத்தில் அலுவலகமொன்றின் படியேறுவதே அச்சந்தரும் செயலாயிற்று. இப்படி வளர்ந்த ஒருவரிடம் அந்தப் பிள்ளை அக்கேள்வியைக் கேட்டாள்.

ஆதலால் முதலில் நாம் கற்றோம். இந்நாட்டிலே குறையைச் சொல்லப் போகுமுன் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். நடைபாதை உடைந்தால் நொக்ஸ் நகரசபை, பஸ் வராவிட்டால் விக்ரோறியா மாநில அரசு, விசாவும் ஓய்வூதியமும் மெடிக்கெயாரும் என்றால் கன்பரா. ஊரிலே எல்லாவற்றுக்கும் விதானையாரிடம் ஓடிய எமக்கு இதுவே பெரிய பாடமாயிருந்தது.

கன்பராவின் பிரதிநிதிகள் சபையிலே 150 உறுப்பினர் உளர். இரண்டு மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரத்துக் கூச்சலையே தொலைக்காட்சியிற் காண்கிறோம். ஆனால் அச்சபைக்குத் துணையாகப் 'பெடரேஷன் சேம்பர்' என்றொரு சிறு மண்டபம் இருக்கிறது. அங்கே உறுப்பினர் ஒருவர் எழுந்து தம் தொகுதி மக்களின் காரியமொன்றை மூன்று நிமிடம் பேசலாம். பெரிய சபையிலோ தொண்ணூறு விநாடிக் கூற்றுகளும் உண்டு. கேட்க அதிகம் பேர் இருப்பதில்லை. ஆனாலும் பேசியது முழுவதும் ஹன்சார்ட்டில் அச்சேறி நிலைத்துவிடும். ஒருவர் தபாலகம் மூடப்படுவதைச் சொல்வார், மற்றொருவர் கைத்தொலைபேசி எட்டாத மலைச்சாலையைச் சொல்வார். இரவுகளில் இவற்றை வாசிப்பது எமக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பத்திரிகைகளைவிட இவ்வுரைகளிலே நாட்டை அதிகம் அறியலாம் என்பது எமது எண்ணம்.

இன்னொரு வழி மனு. பிரதிநிதிகள் சபைக்கு மனுக் கொடுக்கக் குடியுரிமை வேண்டியதில்லை, இந்நாட்டில் வசிப்பவராயிருந்தாற் போதும். ஒரேயொரு கையெழுத்தும் போதும். இதைப் படித்தபோது நாம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டோம்.

எங்கள் புகையிரதக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஹன்ரிங்டேலிலிருந்து ரோவில் வழியாக ஒரு பாதை 1969ஆம் ஆண்டு மெல்பேர்ண் போக்குவரத்துத் திட்டத்திலேயே வரையப்பட்டது. 2018இல் மத்திய அரசு இத்திசைக்கென 475 மில்லியன் டொலர் அறிவித்தது. மாநில அரசு ட்ராம் என்றது. தண்டவாளம் இன்னும் வந்தபாடில்லை. ஸ்ரட் பார்க்கிலிருந்து மொனாஷ், சட்ஸ்டன் வழியாகக் கோல்பீல்ட் செல்லும் 900ஆம் இலக்கப் பஸ்தான் எமது யாழ்தேவி. அந்த யாழ்தேவியோ 1990 ஜூனில் நின்று, 2014 ஒக்ரோபரிலேதான் மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. இடையில் தண்டவாளங்களையும் சிலிப்பர்க் கட்டைகளையும் பெயர்த்துப் பதுங்குகுழி மூடிய ஊரிலிருந்து, தண்டவாளமே போடப்படாத ஊருக்கு வந்திருக்கிறோம்.

2023 ஏப்ரல் முதலாந் திகதி, ரோவில் அடங்கியிருந்த அஸ்டன் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. மேரி டொயில் அம்மையார் வென்றார். எதிர்க்கட்சியின் ஆசனமொன்றை ஆளுங்கட்சி இடைத்தேர்தலிற் கைப்பற்றுவது 1920இன் பின் அதுவே முதற்றடவை. அந்த 1920ஆம் ஆண்டுக் கதையும் கேட்கத்தக்கது. ஹியூ மகோன் என்ற உறுப்பினர் அயர்லாந்திற் பிறந்தவர். தம் தாய்நாட்டின் துயரைப் பற்றி மெல்பேர்ணிலே ஒரு கூட்டத்திற் கடுமையாகப் பேசினாரென்று சபையிலிருந்து அவரை வெளியேற்றினர். தொடர்ந்த இடைத்தேர்தலிலும் அவர் தோற்றார். அவருக்குப் பின் எவரும் அவ்வாறு வெளியேற்றப்படவில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டமொன்று அந்த அதிகாரத்தையே நீக்கிவிட்டது.

தொகுதியின் பெயருக்குரிய ரிலி அஸ்டன் ஓர் ஆசிரியை, பார்வையற்றவர். பாராளுமன்றத்தில் இருந்தவரல்லர். ஆயினும் பிரெயில் நூல்கள் கட்டணமின்றி அஞ்சலிற் செல்லவும், பார்வையற்றோர் வாக்களிக்கவும் வாதாடினார். வாக்களிக்கும் நாளிலே வாக்கின்றி வெளியே நின்று, 'சொசேஜ்' வாசனையை மட்டும் அனுபவித்த எமக்கு அவ்வம்மையாரின் நினைவே வந்தது.

அந்த மாணவிக்கு வருவோம். 2012 ஓகஸ்டிற்குப் பின் படகில் வந்த குடும்பம் அவளுடையது. எம்மைப் போலத் தற்காலிகப் பாதுகாப்பு விசா கிடைத்த ஏறத்தாழ 19,000 பேருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட அவளுடைய தந்தை போன்றோருக்குத் திறக்கவில்லை. அவள் பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகச் சித்தியடைந்திருந்தாள். பல்கலைக்கழகமோ வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கும். தந்தை இரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்பவர்.

மூவரும் உறுப்பினரின் அலுவலகத்துக்குச் சென்றோம். தந்தை சவரம் செய்து, திருமண வீட்டுச் சேட்டு அணிந்து வந்திருந்தார். வாசலில் நின்று, "மாஸ்ரர், இதாலை விசாவுக்கு ஏதும் வந்திடுமோ?" என்று இருமுறை கேட்டார். உள்ளேயிருந்த பெண்மணி எங்கள் விலாசத்தை மட்டுமே கேட்டார். வாக்குண்டா என்று கேட்கவில்லை. நாம் பேசுவதற்கு ஆயத்தமாகச் சென்றிருந்தோம். பேசியது அவள்தான். ஏழு நிமிடம் பேசினாள், குரல் ஒரேயொரு தடவை இடறிற்று. தந்தைக்கு அந்த ஆங்கிலம் முழுவதும் விளங்கியிராது. ஆனால் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமைச்சருக்குக் கடிதம் சென்றது. வாரங்கள் கழித்து இரண்டு பக்கப் பதில் வந்தது. அதன் சாரம் ஒரே வரி: நடைமுறையில் மாற்றமில்லை. ஹன்சார்ட்டையும் பல இரவுகள் தேடினோம், அவள் காரியம் அதில் இல்லை. எமக்குக் கோபம் வந்ததென்பதை மறைக்க மாட்டோம். அவளோ அந்தப் பதிற் கடிதத்தைப் பிரதியெடுத்து, பல்கலைக்கழகங்களுக்குத் தான் எழுதிய விண்ணப்பங்களோடு இணைத்து அனுப்பினாள். அடுத்த ஆண்டு ஒன்றிலே புலமைப்பரிசில் கிடைத்தது.

சென்ற மாதம் ஸ்ரட் பார்க்கில் 900க்குக் காத்து நின்றவளைக் கண்டோம். பஸ் நிறைந்து வந்தது, நின்றுகொண்டே போனாள். அன்று மாலை ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். தந்தையின் விசா முடியப்போகிறதாம், உறுப்பினருக்குப் புதிய கடிதம் எழுதியிருக்கிறாளாம். 'சேர், பிழை பார்த்துத் தாங்கோ' என்றிருந்தது. ஆங்கிலக் கடிதம். அதிலே பிழை பார்க்க நாம் வல்லவரல்லர் என்பது அவளுக்கும் தெரியும்.