காக்கி போடாத உத்தியோகஸ்தர்

கொட்டிவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியாது. காற்றில் மீன் வாசனை மட்டும் வரும். குப்பம் அவ்வளவு பக்கம். அந்தக் குப்பத்துப் பையன்தான், தண்ணீர்க் கேன் போட வந்தவன், மேஜை மேல் இருந்த என் செல்போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வயது பத்தொன்பது. புகார் எழுதிக் கொடுத்தவள் சாட்சாத் நானேதான். பத்திரிகைக்காரி புகார் எழுதினால் கேட்க வேண்டுமா? வர்ணனை சற்று அதிகமாகவே அமைந்துவிட்டது! போன் திரும்பி வந்தது, கண்ணாடி உடைந்து.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், தோளில் துணிப்பையுடன் ஒருவர் வந்து நின்றார். ஏதோ நன்கொடை கேட்க வந்திருக்கிறார் என்று சில்லறை தேடப் போனேன். "நன்னடத்தை அலுவலர் அம்மா" என்றார். காக்கி இல்லை, லத்தி இல்லை. பையனைப் பற்றி விசாரித்துக் கோர்ட்டுக்கு எழுதப் போகிறாராம்.

வாசகிகளே, இந்த ஏற்பாடு நம் சென்னை ராஜதானிக்கு 1936-ஆம் வருஷச் சட்டத்தின் மூலமே வந்துவிட்டது. பிறகு 1958-ல் தேசம் முழுவதற்கும் ஒரு சட்டம் போட்டார்கள். ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றம் செய்தவருக்கு இருபத்தொரு வயது ஆகவில்லை என்றால், சிறைக்கு அனுப்புமுன் கோர்ட்டு இவருடைய அறிக்கையைக் கேட்டாக வேண்டும். நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி, மூன்று வருஷம் வரை இவர் கண்காணிப்பில் வெளியே விடலாம். இதற்கெல்லாம் முன்னோடி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஜான் அகஸ்டஸ். 1841-ல் ஒரு குடிகாரனுக்கு ஜாமீன் நின்று திருத்திக் காட்டினார்.

பையனையும் அப்படியே விட்டார்கள். எனக்கு உள்ளூர அதிருப்திதான்.

ஒரு நாள் அவன் தாயார் மீன் கூடையை இறக்கிவைத்து ஒரு காகிதத்தை நீட்டினாள். "இன்னாம்மா எழுதிக்கீது? புள்ள ரெண்டு நாளா சோறு துன்னல. ஊர விட்டே ஓடிடறேன்றான்."

'தவறாது ஆஜராக வேண்டும். தவறினால் மேல் நடவடிக்கை' என்று இருந்தது. திங்கட்கிழமை வா என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். நானே அலுவலருக்குப் போன் செய்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவரே கடற்கரைக்கு வந்தார். கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் மேல் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். தாயார் என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"அது அச்சடிச்ச காகிதம் தம்பி. இனிமே முதல்ல போன் பண்றேன். பத்திரத்துல என்ன இருக்கு, நீ சொல்லு."

"தப்பு பண்ணா ஜெயிலு."

"அது கடைசி வரி. மத்ததெல்லாம்?"

பையன் விழித்தான். வீடு மாறினால் சொல்லவேண்டும், வேலையை விடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். நிபந்தனை முதல் தடவை தவறினால், பத்திரத்தை ரத்துச் செய்யாமல் ஐம்பது ரூபாய்க்குள் அபராதத்தோடு கோர்ட்டு விடலாம் என்றும், ஓடிப் போனால் வாரண்டு வரும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

'ஒழுங்காக இருக்கிறாயா?' என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. நாமெல்லாம் முதலில் அதைத்தானே கேட்போம்! காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், கேன் வண்டியில் யாரோடு போகிறாய், சம்பளம் யார் கையில் கொடுத்தாய் என்றே கேட்டார். பையன் பதில் சொல்லச் சொல்ல, ஓடிப்போகும் பேச்சு எங்கோ போய்விட்டது.

"என்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்களேன்" என்றேன் மெதுவாக.

"நான் சொல்லிக் கேட்டா என்ன பிரயோஜனம் அம்மா? கண்ணாடிக்கு நஷ்டஈடு கட்டணும்னு கோர்ட்டு சொல்லியிருக்கே, அதைக் கொண்டு வருவான்."

அடுத்த மாதம் வந்தான். வாசற்படி தாண்டவில்லை. "உள்ளே வாப்பா" என்றேன். வந்தான். மேஜை மேல் போன் சார்ஜில் இருந்தது. என் கை, என்னைக் கேளாமலே, அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டது. அவன் பார்த்துவிட்டான். நானும் அவன் பார்த்ததைப் பார்த்தேன்.

ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி மேஜையில் வைத்தான்.

"ரசீது எழுதிக் குடுங்கக்கா. சாருக்குக் காட்டணும்."