கூரையில் செருகிய இலை

வேதாகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலே ‘மாயக்காரர்’ என்றொரு சொல் வருகிறது. பரிசேயரையும் வேதபாரகரையும் கண்டித்து இயேசுநாதர் வழங்கிய சொல் அது. சிறு வயதில் ஞாயிறு பாடசாலையில் அதைக் கேட்கும்போதெல்லாம், சந்தை மூலையில் கீரியும் பாம்பும் வைத்து வித்தை காட்டும் மனிதனையே நான் நினைத்துக்கொள்வேன். கிரேக்க மூலத்திலே அச்சொல்லுக்கு மேடை நடிகன் என்பதே பழைய பொருள் என்று பிற்காலத்தில்தான் அறிந்தேன். அந்நாட்டு நடிகர்கள் முகமூடி அணிந்தே ஆடினார்கள். ஆகவே மாயக்காரன் என்பவன் வேறு யாருமல்லன். தன் முகத்தின்மேல் இன்னொரு முகத்தைக் கட்டிக்கொண்டவன்.

நடிகனை நான் குறை சொல்ல வரவில்லை. மரியசேவியர் அடிகள் 1965ஆம் ஆண்டு தொடக்கிய திருமறைக் கலாமன்றத்தாரின் திருப்பாடுகளின் நாடகத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும்: யூதாஸ் வேடம் பூண்டு மேடையேறுபவன் ஒருவரையும் ஏமாற்றுவதில்லை. அவன் நடிக்கிறான் என்பதை அவனும் அறிவான், பார்க்கிற நாமும் அறிவோம். மேடையும் திரையும் இல்லாத இடத்தில், வீட்டிலும் தேவாலயத்திலும் கலியாணப் பந்தலிலும், ஆடுகிற ஆட்டமே மாயம்.

கிறிஸ்தவன் தன் சொந்த முகத்தோடு வாழவேண்டும் என்று பிரசங்கபீடத்திலிருந்து சொல்வது எளிது. ஆனால் நமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அந்த முகமூடியைச் செய்து கொடுத்தவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கவேண்டும். இங்கே அதற்கு நீண்ட சரித்திரம் உண்டு.

என் அம்மம்மா ஒரு கதை சொல்வார். பறங்கியரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் நம்மவர் விரத நாளிலே கதவைச் சாத்திக்கொண்டு வாழையிலையில் உண்பார்களாம். உண்டு முடிந்ததும் இலையை வெளியே எறிந்தால் அதிகாரியின் ஆட்கள் கண்டுகொள்வார்கள் அல்லவா? அதனால் அதைச் சுருட்டிக் கூரையின் இறப்பிலே செருகி வைப்பார்களாம். இக்கதை யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் வழங்குவது. கிறிஸ்தவப் பெண்மணியான அம்மம்மா அதைச் சற்றுப் பெருமையோடேயே சொல்வார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், உத்தியோகம் வேண்டுமானால் ஞானஸ்நானம் வேண்டும், விவாகம் செல்லுபடியாக வேண்டுமானால் கோயிற் பதிவேட்டிலே பெயர் வேண்டும் என்ற நிலைமை ஏற்பட்டது. ஏடுகளிலே கிறிஸ்தவர் தொகை பெருகியது. இறப்பிலே இலைகளும் பெருகியிருக்கும். 1795இல் ஆங்கிலேயர் வந்து, கட்டாயம் தளர்ந்ததும், அந்த ஏட்டுக் கிறிஸ்தவருள் மிகப் பெரும்பாலோர் திருநீற்றைப் பூசிக்கொண்டு பழைய கோயில்களுக்கே திரும்பினார்கள். அவர்கள் விசுவாசத்தை விட்டு விலகினார்கள் என்று சில பழைய பாதிரிமார் எழுதினார்கள். இல்லாத ஒன்றை எப்படி விடுவது?

அதே ஒல்லாந்தர் காலத்தில் வேறொரு மனிதரும் தம்மை மறைத்துக்கொண்டு இக்குடாநாட்டில் நடமாடினார். கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, வந்த கத்தோலிக்க குரு யோசேப் வாஸ் அடிகள். 2015ஆம் ஆண்டு கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களாற் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவரே. கத்தோலிக்க குருமாருக்கு இங்கே இடமில்லாதிருந்த 1687ஆம் ஆண்டிலே அவர் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலைக் கத்தோலிக்கர் அவருக்குப் புகலிடம் கொடுத்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றபோது அவர் கழுத்திலே செபமாலை தொங்கியது என்று சொல்வார்கள். அதைக் கண்டு முகம் மலர்பவர் யார், முகம் சுளிப்பவர் யார் என்று பார்த்தே தம் மக்களை அவர் அடையாளம் கண்டாராம். உடையை மறைத்தார், உள்ளத்தை மறைக்கவில்லை. இலையை இறப்பில் செருகியவருக்கும், செபமாலையை அணிந்து வந்த குருவுக்கும் அச்சமே வேடம் கொடுத்தது. உயிருக்கும் ஊணுக்கும் அஞ்சி இடும் வேடத்தைப் பழிக்க எனக்கு நா எழாது.

ஆதாயத்துக்காக இடும் வேடம் வேறு. அது வந்தது பின்னர், நல்லெண்ணத்தின் வழியாக.

அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டு தெல்லிப்பழையில் வந்திறங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையிலே டானியல் பூர் ஐயர் தலைமையில் செமினரி தொடங்கிற்று. கணிதமும் வானசாஸ்திரமும் ஆங்கிலமும் தமிழும் அங்கே கற்பிக்கப்பட்ட தரத்தை எண்ணினால் இன்றும் நம் நெஞ்சு நிமிரும். பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் கிடைத்தன. செலவை அமெரிக்காவிலுள்ள தருமசீலர் ஏற்றார்கள். அவர்கள் விரும்பிய பெயர் பிள்ளைக்கு இடப்பட்டது. வீட்டிலே முருகேசு, பள்ளியிலே ஏதோ ஓர் அமெரிக்க ஊரின் போதகர் பெயர்! எங்கள் குடும்பப் பெயரும் அப்படி வந்ததே. அந்தப் புண்ணியவான் யார், எப்படி இருப்பார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய பெயரைத்தான் ஐந்து தலைமுறையாக வங்கிப் புத்தகத்திலே எழுதி வருகிறோம்.

அந்தச் செமினரியில் கற்றவர்களுள் ஒருவர் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளை. தகப்பனார் கிறிஸ்தவராக இருந்தார். மகனும் கிறிஸ்தவராகவே வளர்ந்தார். கிங்ஸ்பரி என்ற பெயரும் அவருக்கு இருந்தது. கோப்பாயில் ஆசிரியராயிருந்து, சென்னை சென்று, ‘தினவர்த்தமானி’ பத்திரிகையை நடத்தி, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். மற்றவரும் அதே செமினரியின் மாணாக்கரான கறல் விசுவநாதபிள்ளை. மிஷனார்க்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்? ஆயினும் அவ்விருவருமே பின்னர் சைவத்துக்குத் திரும்பினார்கள். விசுவநாதபிள்ளை, முன்பு சைவத்தைப் பழித்தெழுதியதற்குப் பிராயச்சித்தமாகப் பொன்னூசியைக் காய்ச்சித் தம் நாவிலே சுட்டுக்கொண்டார் என்றொரு கதையும் உண்டு. தாமோதரம்பிள்ளையோ ‘சைவ மகத்துவம்’ என்ற நூலை எழுதினார். செல்லரித்த ஏடுகளைத் தேடி 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். நாம் இன்று ‘சி. வை. தா.’ என்று சொல்லும்போது சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை என்றே முதலெழுத்துக்களை விரிக்கிறோம்.

கதை இதோடு முடிந்திருந்தால், ‘பார்த்தீர்களா, சோற்றுக்காக வந்தவர்கள் போய்விட்டார்கள்’ என்று கூறி நாம் ஏட்டை மூடிவிடலாம். முடியவில்லை. அவருடைய மகன் அழகசுந்தரம் 1873இல் பிறந்தார். சைவராகிய தந்தையின் வீட்டிலே வளர்ந்த அவர் கிறிஸ்தவரானார், குருப்பட்டமும் பெற்றார். தந்தை கழற்றி வைத்த கிங்ஸ்பரி என்ற பெயரைத் தாம் எடுத்துக்கொண்டு பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனார். இந்த மகனை எவரும் சோறு போட்டு அழைக்கவில்லை. சைவ உலகத்திலே தந்தையின் பெயருக்கிருந்த மதிப்பை நினைத்தால், அவருக்கு நட்டமே அதிகம். அப்படி வந்தவர், தம் கிறிஸ்தவத்தை நிலைநாட்டுவதற்காக விட்டுவந்ததைத் தூற்றவுமில்லை. தேவார திருவாசகங்களிலிருந்து தெரிந்தெடுத்த பாடல்களைப் பிலிப்ஸ் ஐயரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921இல் வெளியிட்டார். பிற்காலத்தில் அழகசுந்தர தேசிகர் என்ற பெயரும் அவருக்கு வழங்கியது.

தந்தை ஒரு வாயிலால் வெளியேறினார், மகன் அதே வாயிலால் உள்ளே வந்தார். எதிரெதிராகச் சென்ற இவ்விருவரும் ஒரே காரியத்தையே செய்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியேறிய தந்தையைச் சபைக்கு நேர்ந்த நட்டம் என்று எண்ணுவோர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. உள்ளே இருந்துகொண்டு சம்பளத்துக்காக ‘ஆமென்’ சொல்லும் பத்துப் பேரிலும், ‘எனக்கு இது இயலாது’ என்று எழுந்து போனவர் சபையை அதிகமாக மதித்தவர்.

வேடத்தைக் கேட்காத ஒருவரும் அக்காலத்திலே இருந்தார். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார். வேதாகமத்தை நல்ல தமிழில் ஆக்கவேண்டும் என்று அவர் விரும்பியபோது, தம் பாடசாலையில் கற்பித்த நல்லூர் ஆறுமுகம் என்னும் இளைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். பின்னாளில் நாவலர் என்று உலகம் அறிந்தவர் அவரே. அவர் ஞானஸ்நானம் பெறவில்லை; பெறுவதாகப் பாவனை செய்யவுமில்லை. சைவராகவே இருந்து வேத வசனங்களுக்குச் சொல் தேடிக் கொடுத்தார்; 1848இல் அவ்வேலையை விட்டு நீங்கிச் சைவப் பணியிலே முழுமையாக இறங்கினார். சாதி விஷயத்தில் நாவலர் கொண்ட கொள்கையை நான் ஏற்பவனல்லன். ஆனால் முகமூடி இல்லாத சைவர் ஒருவரும், முகமூடி கேட்காத பாதிரியார் ஒருவரும் ஒரு மேசையில் இருந்து பணி செய்த காட்சியை நினைக்க எனக்கு விருப்பம்.

சாதி என்ற சொல் வந்துவிட்டது. நமது சபைகளின் மிகப் பழைய முகமூடி அதுதான். அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டிச் சொன்னால் கோபம் வரும். 1920களின் இறுதியில் இங்கே பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற பேச்சு எழுந்தபோது, எதிர்த்தவர் சைவர் மட்டுமல்லர். யாழ்ப்பாணக் கல்லூரியில் உருவான ஹண்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள் வாலிபர் காங்கிரசிலே சாதியை வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஆலய வாங்குகளில் அமர்ந்திருந்த பெரியவர்கள் பலர் மௌனமாயிருந்தார்கள். இன்று வாங்கு பொது, பாத்திரம் பொது. ஆனால் ஆராதனை முடிந்து வெளியே மாமரத்தின் கீழ் கலியாணப் பேச்சு நடக்கும்போது நின்று கேளுங்கள். “பொடியன் நல்லவன், எங்கட சபைதான்,” என்பார் ஒருவர். மற்றவர் குரலைத் தாழ்த்தி, “அது சரி, ஆக்கள் ஆர்?” என்பார். அந்தக் குரல் தாழ்கிறதே, அந்த இடத்தில் முகமூடியின் கயிறு தெரியும்.

இதையெல்லாம் இப்பொழுது எழுதத் தூண்டியவள் என் தங்கையின் மகள். பதினாறு வயது. இவ்வருடம் அவளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை ஏற்பாடாகியிருந்தது. வெள்ளைச் சேலை வாங்கியாயிற்று. கனடாவிலிருந்து பெரியதாய் வருவதற்கு விமானச்சீட்டும் எடுத்தாயிற்று. அவ்வேளையில் அவள் என்னிடம் வந்து, “மாமா, சபைக்கு முன்னாலை நிண்டு ‘விசுவாசிக்கிறேன்’ எண்டு சொல்லவேணும். எனக்கு இன்னும் தெளிவில்லை. தெளியாமல் சொன்னால் பொய்தானே?” என்று கேட்டாள்.

தங்கைக்குத் தாங்க முடியவில்லை. “எல்லாப் பிள்ளையளும் சொல்லுகினம். நீயும் சொல்லிப்போட்டு வாவன். ஆர் உன்ரை நெஞ்சைத் திறந்து பாக்கப்போகினம்?” என்றாள். பிறகு, திடப்படுத்தற் சான்றிதழ் கையிலிருந்தால் நாளைக்கு ஆசிரியர் வேலை கேட்கும்போது உதவும் என்றும் சேர்த்துக்கொண்டாள். எந்தப் பாடசாலையில் உதவும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. தாயின் கவலை பொய்யல்ல. இருநூறு ஆண்டுகளாக நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு நன்மை நாடித் தாய்மார் சொல்லிவந்த புத்திதான் அது.

நான் மருமகளின் பக்கம் நின்றேன். தங்கை என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. போதகர் ஐயா இளைஞர். அவர் என்ன சொல்வாரோ என்று எல்லோரும் பயந்திருந்தோம். அவர் அவளை அழைத்து அரைமணி நேரம் கேட்டார். “வகுப்புக்கு வாறதை விடாதையம்மா. கேள்வியளையும் விடாதை. எனக்கும் எல்லாம் தெரியாது,” என்று சொல்லி அனுப்பினார். ஒரு போதகர் வாயிலிருந்து அந்தக் கடைசி வசனம் வந்ததை நான் இதற்குமுன் கேட்டதில்லை.

அன்றைய ஆராதனையில் மற்றப் பிள்ளைகள் பதினொருவர் முன்னே சென்றார்கள். அவள் பாட்டியின் பக்கத்தில், மூன்றாம் வாங்கிலே, நிறச் சட்டையோடு அமர்ந்திருந்தாள். நற்கருணைக்குச் செல்பவர்கள் அவளுடைய முழங்காலைத் தாண்டியே போகவேண்டியிருந்தது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பெரியதாய் கனடாவிலிருந்து வந்து, வெள்ளைச் சேலையைப் பெட்டியோடு பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். ஒவ்வொரு ஞாயிறும் அவள் வருகிறாள். பாடல்களைப் பாடுகிறாள், விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எல்லோரோடும் எழுந்து நிற்கிறாள், ஆனால் வாய் திறப்பதில்லை. கிங்ஸ்பரியின் கதையை அவளுக்குச் சொன்னேன். அந்தத் தேவார மொழிபெயர்ப்பை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு மாதமாகிறது, புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.