பால் நஞ்சாகவில்லை

நம் பாட்டிக்குப் பிள்ளைகள் ஒன்பது பேர். தங்கியவர்கள் ஆறு பேர். போனவர்களுள் இருவர் பிறந்து பத்து நாள் தாண்டாதவர்கள். "நாலு நாள் நல்லாத்தான் பால் குடிச்சான். அஞ்சாம் நாள் வாயைத் தெறக்கலை. தொட்டா வெட்டி வெட்டி இழுத்துச்சு" என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தாய்ப்பால் நஞ்சாகிவிட்டது என்றது ஊர். பாட்டியும் அதை நம்பினார். பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் கை நடுங்கும் என்பார்.

சென்ற மாதம் மாணவர் ஒருவரின் காலில் ஆணி ஏறிவிட, விலங்கியல் துறை நண்பரோடு மருத்துவமனையில் காத்திருந்தோம். "குற்றம் துருவில் இல்லை, மண்ணில்" என்று அவர் தொடங்கினார். இரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வித்தாக உறங்குகிறது. காற்றுப் புகாத ஆழ்ந்த புண் கிடைத்தால் விழித்து நஞ்சைச் சுரக்கிறது. கிருமி புண்ணிலேயே தங்கிவிட, நஞ்சு மட்டும் நரம்பு வழியே ஏறித் தண்டுவடத்தை அடைகிறது.

தசையைச் சுருங்கு என்று ஏவும் நரம்புகள் உண்டு. போதும் என்று அடக்கும் நரம்புகளும் உண்டு. இந்நஞ்சு அடக்கும் நரம்புகளின் வாயை அடைத்துவிடுகிறது. ஏவல் மட்டும் எஞ்சுகிறது, விலக்கு இல்லை. முதலில் தாடை பூட்டிக்கொள்ளும். பின்னர் முதுகு வளையும். தனுர்வாதம் என்ற பழம்பெயரில் வில்லைக் குறிக்கும் தனு இருப்பது இதனால்தான்.

நம்மை வியக்க வைத்தது அதன் அளவு. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 2.5 நானோகிராம் போதுமாம். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கிராமில் 80 லட்சத்தில் ஒரு பங்கு! கொல்லப் போதுமான அந்த அளவு, உடலின் காவலை எழுப்பப் போதாது. ஆகவே நோயிலிருந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் வருவதில்லை. அவரும் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும்.

1890ஆம் ஆண்டு பெர்லினில் பெரிங்கும் கிடசாட்டோவும் நஞ்சுக்குப் பழக்கிய விலங்கின் குருதிநீர் வேறொரு விலங்கைக் காப்பதைக் காட்டினர். 1920களில் பிரான்சின் ரமோன், நச்சுப்பொருளை ஃபார்மலினிலும் வெம்மையிலும் பதப்படுத்தினார். உருவம் நின்றது, கொடுமை நீங்கியது. அதனை அஞ்சாமல் வேண்டிய அளவு செலுத்தலாம். உடலும் பகைவனின் முகத்தைக் கற்றுக்கொள்ளும்.

பாட்டியின் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி அறுத்தது வீட்டு அரிவாள். அறுத்த இடத்தில் அடுப்புச் சாம்பல். நஞ்சு நுழைந்த வழி அதுவாகவே இருக்கவேண்டும். மருத்துவச்சியைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

கருவுற்ற பெண்ணுக்கு ஊசி போட்டால், அவள் குருதியில் விளையும் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் சென்று சேர்கிறது. செல்லும் பாதைக்குத் தமிழில் பெயர் நஞ்சுக்கொடி! இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நாம் அச்சொல்லின் முன் சற்றுத் திகைத்து நின்றோம். நஞ்சின் பெயர் தாங்கிய கொடி வழியே நஞ்சுமுறி போகிறது.

2015ஆம் ஆண்டு இந்தியா, தாய் சேய் இரணஜன்னியை நீக்கிய நாடாக ஏற்கப்பட்டது. அதாவது எந்த மாவட்டத்திலும் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்நோய் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு. அறவே ஒழிந்தது என்று பொருளன்று. மண் இருக்கும்வரை வித்தும் இருக்கும். ஊசியை நிறுத்த இயலாது.

பாட்டி இதையெல்லாம் அறியாமலே போய்விட்டார். அவருடைய மூத்த மகளான அத்தைக்கு இப்போது எண்பது வயது. ஊருக்குச் சென்றபோது திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப அம்மா பால்ல குத்தமில்லையாப்பா?" என்றார்.

"இல்லை அத்தை" என்றோம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.