பீரோவுக்குப் பின்னால் வைஃபை பெட்டி

2020-ல் பள்ளிக்கூடம் ஆன்லைனில் நடந்த நாட்கள். "மிஸ் பேசறது விட்டு விட்டுக் கேக்குதும்மா" என்று என் பிள்ளை தினமும் சொல்வான். படிக்கச் சோம்பல்பட்டுச் சாக்குச் சொல்கிறான் என்று ஒரு நாள் முதுகில் ஒன்று வைத்தும் விட்டேன். அழுதுகொண்டே போனை என் கையில் கொடுத்தான். நிஜமாகவே விட்டு விட்டுத்தான் கேட்டது!

அதிக வேகப் பிளானுக்குப் பணம் கட்ட இவர் தயாராகிவிட்டார். அதற்குள் அண்ணன் மகன் வந்தான். "ரவுட்டரை எங்கே அத்தை வெச்சிருக்கீங்க?" என்றான்.

ஹால் அசிங்கமாகத் தெரிகிறதே என்று அதை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் நானேதான். இரும்பு அலையைத் தடுத்துவிடுமாம். போதாததற்கு, மைக்ரோவேவ் அடுப்பும் ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் ஏறக்குறைய ஒன்றே. நான் பாலைச் சுட வைக்கும்போதெல்லாம் அங்கே பாடம் தடுமாறியிருக்கிறது!

வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் பலகை அடித்துத் திறந்தாற்போல் வைத்தோம். பக்கத்தில் உட்கார்ந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வேகம். சுவர் தாண்டிய உள்ளறைக்கு 2.4 தான் எட்டும். ஃபைபர் ஒயரை மட்டும் புடவை மாதிரி மடித்துவிடாதீர்கள் சகோதரிகளே, உள்ளே இருப்பது கண்ணாடி இழை. பெரிய வளையமாகச் சுற்றி விடலாம்.

பலகை, ஆணிச் செலவோடு போயிற்று. மறுநாள் வகுப்பு தடங்கலில்லாமல் நடந்தது. முறுக்குத் தட்டோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முறுக்கை எடுத்துக்கொண்டான், என் முகத்தைத்தான் பார்க்கவில்லை.